வாசலைப் பார்க்கும் நந்தி!

திருமுல்லைவாயிலில் எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெண் டிசைன் படிக்கிறாள். மூன்றாவது வருடம். அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை. "பி.காம்.ல சேர்த்திருந்தா இந்நேரம் பாங்க் எக்ஸாம் எழுதியிருப்பா சார்" என்று பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுவார். அதுவும் பி.காம். படித்த என்னிடமே! (படித்து நான் என்ன ஆனேன் என்பது அவருக்குத் தெரியும். மரியாதைக்காகக் கேட்பதில்லை.)

போன மாதம் அந்தப் பெண் லேப்டாப்போடு வந்து நின்றாள்.

"அண்ணா, என் போர்ட்ஃபோலியோ ஸைட்டைக் கொஞ்சம் பாருங்களேன். இன்டர்ன்ஷிப் இன்டர்வியூல கவுந்துட்டேன்."

போர்ட்ஃபோலியோ என்றால் பயப்பட வேண்டாம். அந்தக் காலத்து ஓவியர்கள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போன படக் கட்டுதான், இப்போது இன்டர்நெட்டில் குடியேறியிருக்கிறது. டிசைன் வேலைக்குப் போனால் மார்க் ஷீட்டுக்கு முன்னால் இதைத்தான் கேட்கிறார்கள்.

ஸைட்டைத் திறந்தேன். முதலில் ஒரு வட்டம் சுற்றியது. பிறகு 'வெல்கம்' ஒவ்வொரு எழுத்தாகக் குதித்தது. நான் காபியை முடித்த பிறகு படங்கள் வந்தன. மொத்தம் 27!

"எதுக்கும்மா இத்தனை?"

"நிறைய இருந்தா நல்லாயிருக்குமேன்னு..."

சீர்வரிசைத் தட்டை எண்ணிப் பார்க்கிற ஊராச்சே, பழக்கம் எங்கே போகும்!

கவிழ்ந்த கதைக்கு வந்தாள். நாலு பேர் சேர்ந்து செய்த காலேஜ் ப்ராஜெக்ட் ஒன்று. ரயில் நேரம் பார்க்கிற ஆப். இவள் வரைந்தது சின்னச் சின்னப் படங்கள் மட்டும். ஸைட்டில் போட்டதோ 'என் டிசைன்' என்று. "இந்த பட்டனை ஏன் கீழே வெச்சீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். வைத்தவள் வேறொருத்தி. இவளுக்கு எப்படித் தெரியும்?

"தரை பிளந்தா உள்ளே போயிருப்பேண்ணா."

நான் அவளுக்கு நம் ரூபாய்ச் சின்னத்தின் கதையைச் சொன்னேன். அதை வரைந்த உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர். அண்ணா பல்கலைக்கழகத்தில் ஆர்க்கிடெக்சர் முடித்து, மும்பை ஐ.ஐ.டி.யில் டிசைன் படித்தவர். மத்திய அரசு நடத்திய போட்டிக்கு 3 ஆயிரத்துக்கு மேல் டிசைன்கள் குவிந்தன. கடைசிச் சுற்றுக்கு வந்தவை ஐந்தே ஐந்து. 2010 ஜூலை 15 அன்று இவருடையது தேர்வானது. பரிசு இரண்டரை லட்சம். தேவநாகரி 'ர'வையும் ஆங்கில 'ஆர்' எழுத்தையும் ஒன்றாக்கி, மேலே இரண்டு கோடு. ஏன் இரண்டு? தேவநாகரியின் தலைக்கோடும் ஆயிற்று, தேசியக் கொடியின் சாயலும் ஆயிற்று. ஒவ்வொரு கோட்டுக்கும் பதில் இருக்கிறது!

"உன் 27-ல் எத்தனைக்கு 'ஏன்' சொல்வே?"

விரல் விட்டு எண்ணினாள். "நாலு... இன்னொண்ணு இருக்கு. ஆனா அதை ஸைட்ல போடலை."

அது அப்பாவின் பட்டறையில் மாட்டியிருக்கும் பலகை. ஸ்பேனர், டிரில் பிட், சக் கீ எல்லாவற்றின் உருவத்தையும் அதில் பெயிண்டால் வரைந்திருக்கிறாள். எந்தச் சாமான் எடுக்கப்பட்டதோ அதன் நிழல் மட்டும் பளிச்சென்று தெரியும். எல்லாம் கறுப்பு, சக் கீ மட்டும் சிவப்பு.

"அது ஏன் சிவப்பு?"

"லேத் சக்குல கீயை மாட்டி மறந்துட்டு மெஷினை ஆன் பண்ணா, அது பறந்து வந்து ஆளை அடிக்கும்ணா. பலகையில சிவப்பு தெரிஞ்சா கீ இன்னும் இடத்துக்கு வரலைன்னு அர்த்தம். சுவிட்சில் கை வைக்கக் கூடாது."

"இதையா போடாம விட்டே?"

"இதெல்லாம் டிசைனாண்ணா?"

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

ரெண்டு சாயங்காலம் உட்கார்ந்து ஸைட்டைப் பிரித்து மேய்ந்தோம். 27 ஐந்தானது. ஒவ்வொன்றுக்கும் கீழே நாலு வரி: என்ன பிரச்னை, எதை முயன்றாள், எது சொதப்பியது, இதில் தன் பங்கு எவ்வளவு. ரயில் ஆப்பில் மற்ற மூன்று பேரின் பெயரும் ஏறியது. குதிக்கிற 'வெல்கம்' அவுட். படங்களின் கனத்தைக் குறைத்து, ரயிலில் போனில் திறந்து பார்த்தாள். அடுத்த ஸ்டேஷனான அன்னனூர் வருவதற்குள் எல்லாம் வந்துவிட வேண்டும் என்பது கணக்கு!

"எனக்குப் பிடிச்ச மாதிரி ஜிகினா வெச்சுக்கக் கூடாதா?" என்று சிணுங்கினாள்.

நம்மூர் மாசிலாமணீஸ்வரர் கோயில் நந்தியைக் காட்டினேன். மற்ற கோயில்களில் நந்தி சுவாமியைப் பார்க்கும். இங்கே வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். தொண்டைமானுக்கு உதவக் கிளம்பிய கோலம் என்பது தலபுராணம். போர்ட்ஃபோலியோவும் அப்படித்தான், வருகிறவனைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொன்னேன். 1994-ல் தொடங்கிய ஜியோசிட்டீஸில் லட்சக்கணக்கானவர்கள் இலவசமாகப் பக்கம் கட்டினார்கள். 2009-ல் அதை மூடிவிட்டார்கள். ஃபிளாஷில் ஜாலம் காட்டிய ஸைட்டுகள், 2020 முடிவில் அடோபி அதைக் கைவிட்டதும் இருண்டன. ஆகவே எளிமையாகக் கட்டு. ஒரு காப்பி வீட்டில் வை. சொந்தப் பெயரில் முகவரி வாங்கு. (சொந்தம் என்று பேர்தான், வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும். சுத்தக் குத்தகை!)

முதல் படமாகப் பட்டறைப் பலகை ஏறிவிட்டது. "பெயிண்ட் அடிச்சதுக்கெல்லாமா வேலை கொடுப்பாங்க?" என்கிறார் அப்பா.

வருகிற வியாழக்கிழமை அடுத்த இன்டர்வியூ. அன்றைக்கு அவர் பட்டறைக்கு லீவு போட்டிருக்கிறார்.

எதற்கு என்று கேட்டேன்.

"சும்மாதான் சார்... ஸ்டேஷன் வரைக்கும் கூடப் போகலாம்னு."