குதிரைக்காரன் கையாள் ஆன கதை!

அரசியல் தலைவர் ஒருவரின் ஆதரவாளரை ஆங்கிலப் பத்திரிகைகள் சில சமயம் "ஹெஞ்ச்மன்" என்று எழுதும். அது பாராட்டு அல்ல, வசவு! தலைவர் சொன்னால் எதையும் செய்வான், நல்லது கெட்டது பார்க்கமாட்டான் என்று அர்த்தம். தமிழில் "கையாள்" என்கிறோமே, அதேதான்.

ஆனால் ஒரு காலத்தில் இது மிகவும் கவுரவமான சொல்!

குதிரையும் ஆளும்

பழைய ஆங்கிலத்தில் "ஹெங்கெஸ்ட்" என்றால் ஆண் குதிரை. ஜெர்மன் மொழியில் இன்றும் அதற்கு "ஹெங்ஸ்ட்" என்றுதான் பெயர். "மன்" என்றால் ஆள். இரண்டும் சேர்ந்து "ஹெஞ்ச்மன்" ஆயிற்று. அதாவது, குதிரைக்காரன்!

இங்கிலாந்தில் 14-ம் நூற்றாண்டிலேயே இந்தச் சொல் வழங்கியது. மன்னர் ஊர்வலம் போகும்போது கூடவே செல்பவன் ஹெஞ்ச்மன். நாளடைவில், நல்ல குடும்பத்துப் பிள்ளைகளே இந்த வேலைக்கு வந்தார்கள். நான்காம் எட்வர்டு மன்னர் (1461-1483) காலத்தில் இவர்களுக்குத் தனி ஆசிரியரே இருந்தார். குதிரை ஏற்றம், பல மொழிகள், பாட்டு, நல்ல பழக்கவழக்கம் எல்லாம் கற்றுக்கொடுத்தார்.

முதலாம் எலிசபெத் மகாராணி 1565-ல் இந்தப் பதவியை ஒழித்துவிட்டார். வேலை போயிற்று, சொல் போகவில்லை. ஷேக்ஸ்பியரின் "நடுவேனில் இரவுக் கனவு" நாடகத்தில், தேவதைகளின் அரசன் ஒரு சிறுவனைத் தன் ஹெஞ்ச்மனாகக் கேட்டு அரசியோடு சண்டை போடுகிறான். அந்தச் சிறுவன் யார் தெரியுமா? இந்தியாவைச் சேர்ந்தவன்!

இறங்கிய சொல்

1814-ல் வால்டர் ஸ்காட் எழுதிய "வேவர்லி" நாவலில் இந்தச் சொல் மீண்டும் தலைகாட்டியது. அதில் ஹெஞ்ச்மன், ஸ்காட்லாந்து மலைநாட்டுத் தலைவனின் வலது கை. தலைவனுக்காக உயிரையும் கொடுப்பவன்.

அதே 19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவில் அரசியல்வாதிகளின் தீவிர ஆதரவாளர்களை இப்படி அழைத்தார்கள். அங்கிருந்து சொல்லின் மதிப்பு சரிந்தது. கடைசியில் கொள்ளைக் கூட்டத் தலைவனின் ஆளுக்கும் அதுவே பெயராயிற்று.

ஏறிய சொல்

இன்னொரு குதிரைக்காரனின் கதையைப் பாருங்கள். பழைய ஜெர்மானிய மொழியில் "குதிரை வேலைக்காரன்" என்று பொருள்படும் ஒரு சொல்தான் "மார்ஷல்" ஆயிற்று. இன்று "பீல்டு மார்ஷல்" என்பது ராணுவத்தின் மிக உயர்ந்த பட்டம். 1973-ல் இந்தியாவில் முதன்முதலாக அதைப் பெற்றவர் மானெக்ஷா. நம் ஊர் போலீஸ் "கான்ஸ்டபிள்" கூட லாயத்திலிருந்து வந்தவர்தான். "குதிரை லாயத்தின் அதிகாரி" என்ற லத்தீன் சொற்களே அந்தப் பெயருக்கு மூலம்.

மூவரும் லாயத்திலிருந்து புறப்பட்டவர்கள். இருவர் உயர்ந்தார்கள், ஒருவன் தாழ்ந்தான். ஏன்?

மார்ஷலும் கான்ஸ்டபிளும் நாட்டுக்கு வேலை செய்யும் பதவிகள் ஆயின. அவர்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் இருக்கிறது. ஹெஞ்ச்மனோ ஒரே ஒருவருக்கு ஆளாக நின்றான். அவர் நல்லவராக இருந்தவரை அவனுக்கும் நல்ல பெயர். அவர் கெட்டவரானபோது அவனும் கெட்டான்!

விசுவாசம் நல்ல குணம்தான். ஆனால் தலைவர் தவறு செய்யும்போது, "ஐயா, இது வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்தவனே ஆதரவாளன். சொல்லத் தெரியாதவன் வெறும் கையாள்.