விர்ச்சுவல் மெஷினில் புது ஹார்டு டிஸ்க்: சேர்த்த பிறகும் கண்ணில் படாதது ஏன்?

“டிஸ்க் சேர்த்தாச்சு, ஆனா உள்ளே போய்ப் பார்த்தா காணோமே!” விர்ச்சுவல் மெஷினில் புதிதாக ஹார்டு டிஸ்க் இணைப்பவர்கள் பலரும் முதலில் குழம்பும் இடம் இது. டிஸ்க் எங்கேயும் போய்விடவில்லை. பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

மீதியைப் புரிந்துகொள்ள நெய்வேலி நகரியமே நல்ல உதாரணம். 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகு திட்டமிட்டு எழுந்த ஊர் அது. வெறும் நிலம் இருந்தால் தபால் வந்து சேராது. வட்டம் பிரித்து, வீட்டுக்கு எண் போட்டால்தான் முகவரி. டிஸ்க்கில் வட்டம் பிரிப்பது ‘பார்ட்டிஷன்’. எண் போடுவது ‘ஃபார்மேட்’.

விர்ச்சுவல் டிஸ்க் என்றால் என்ன?

கணினிக்குள் ஒரு மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினிதான் விர்ச்சுவல் மெஷின். அதன் ஹார்டு டிஸ்க், உண்மையான டிஸ்க்கில் இருக்கும் ஒரு கோப்பு மட்டுமே. விர்ச்சுவல்பாக்ஸில் அது விடிஐ, விஎம்வேரில் விஎம்டிகே, ஹைப்பர்-வியில் விஎச்டிஎக்ஸ்.

தமிழக அரசு 2011-ல் வழங்கத் தொடங்கிய இலவச லேப்டாப்களில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே டிஸ்க்கைப் பங்கு போட்டிருந்தன. அப்படிப்பட்ட கணினியில் தவறான பகுதியை ஃபார்மேட் செய்தால் வீட்டுப் போட்டோக்கள் வரை போய்விடும். விர்ச்சுவல் மெஷினுக்குள் தவறு நடந்தால் பாதிப்பு பெரும்பாலும் அந்த ஒரு கோப்போடு நிற்கும். கற்றுக்கொள்ள ஏற்ற இடம்.

எப்படிச் சேர்ப்பது?

விர்ச்சுவல்பாக்ஸில் மெஷினை முழுதாக ஷட்டவுன் செய்துவிட்டு, ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘ஸ்டோரேஜ்’ திறந்து புதிய டிஸ்க் உருவாக்க வேண்டும். அளவு 20 ஜிபி என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து மெஷினை இயக்க வேண்டும். உள்ளே விண்டோஸ் இருந்தால், ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ திறந்ததும் புது டிஸ்க்கை ‘இனிஷியலைஸ்’ செய்யச் சொல்லும். ஜிபிடி முறையைத் தேர்வு செய்யலாம். பிறகு ‘அன்அலோகேட்டட்’ என்று தெரியும் இடத்தில் ரைட் கிளிக் செய்து, ‘நியூ சிம்பிள் வால்யூம்’ கொடுத்தால் ஃபார்மேட்டும் ஆகி டிரைவ் எழுத்தும் கிடைத்துவிடும். லினக்ஸில் ‘ஜிபார்ட்டட்’ இதே வேலையைச் செய்யும். அங்கே கூடுதலாக ‘மவுன்ட்’ செய்ய வேண்டும்.

எதிலும் ஃபார்மேட்டுக்கு முன் அளவைச் சரிபார்ப்பது அவசியம். 20 ஜிபி காட்டுவதுதான் புதுசு.

இடம் எங்கிருந்து வருகிறது?

டிஸ்க்கை ‘டைனமிக்’காக உருவாக்கினால் கோப்பு சிறிதாகத் தொடங்கி, தரவு சேரச் சேர வளரும். உள்ளே அழித்தாலும் தானாகச் சுருங்காது. உண்மையான டிஸ்க்கில் 5 ஜிபிதான் மீதம் என்றால், 20 ஜிபி என்பது காகிதத்தில் மட்டும். இடம் தீர்ந்ததும் மெஷின் நின்றுவிடும்.

இன்னொன்று முக்கியம். “ரெண்டாவது டிஸ்க்ல காப்பி போட்டுட்டேன், இனி பயமில்லை” என்று நினைப்பது ஆபத்து. இரண்டும் ஒரே நிஜ டிஸ்க்கில் இருக்கும் இரண்டு கோப்புகள். அது பழுதானால் இரண்டுமே போகும். பேக்கப் என்பது வெளியே, வேறொரு பென்டிரைவிலோ ஹார்டு டிஸ்க்கிலோ இருந்தால்தான் பேக்கப்.