எனக்கு யாரும் சொல்லவில்லை: மையமில்லா வலையமைப்பில் செய்தி பரவும் விதம்

(இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இலக்கியக் கூட்டத்தில் கணினி வலையமைப்பைப் பற்றிப் பேசச் சொன்னபோது தயங்கினேன். பிழைப்புக்கு நான் செய்யும் வேலை அது. வாசிப்பு அதற்கு வெளியே, இரவில் நடப்பது. ஆனால் இந்தத் துறையின் பழைய கட்டுரைகளில் புழங்கும் சொற்களைப் பாருங்கள்: வதந்தி, வம்பு, தொற்று, மரணச் சான்றிதழ். கணிதம் தெரியாதவர்களுக்கும் இந்த நான்கும் தெரியும் என்பதால் ஒப்புக்கொண்டேன்.

எங்கள் பெரியப்பா இறந்தபோது எனக்கு ஏழு பேர் போன் செய்தார்கள். அத்தை ஒருவருக்கு யாருமே சொல்லவில்லை. வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று அந்த ஏழு பேரும் நினைத்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அத்தை மறுநாள் முகநூலில் பார்த்துத் தெரிந்துகொண்டார். பதினொரு வருடம் ஆகிறது, இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒரே செய்தி ஒருவருக்கு ஏழு முறை, இன்னொருவருக்கு ஒருமுறைகூட இல்லை. இன்று நான் சொல்லப்போகும் சிக்கல் முழுவதும் இதற்குள் இருக்கிறது.

முதலில் ஒன்றைப் பிரித்துவிடலாம். வாட்ஸப் குழுவில் போடும் செய்தி கைமாறிக் கைமாறிப் பரவுவதுபோல் தோன்றினாலும், ஒவ்வொன்றும் அந்த நிறுவனத்தின் வழங்கிகள் வழியாகத்தான் போகிறது. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் இந்த நேரலையும் அப்படியே. மையம் ஒன்று இருந்தால் வேலை சுலபம். ஆனால் அது விழுந்தாலோ, அதை நடத்துபவர் மனம் மாறினாலோ எல்லாம் நின்றுவிடும். நான் பேசுவது மையமே இல்லாத ஏற்பாட்டைப் பற்றி. பத்தாயிரம் கணினிகள் இருக்கின்றன என்று வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து அண்டைக் கணினிகளை மட்டும் தெரியும். முழுப் பட்டியல் யாரிடமும் கிடையாது. ஒன்றில் பிறந்த செய்தி அத்தனைக்கும் போய்ச் சேர வேண்டும்.

எளிய வழி, வெள்ளம். செய்தி வந்ததும், கொடுத்தவரைத் தவிர மற்ற நான்கு அண்டையருக்கும் கொடு. ஏற்கெனவே வந்த செய்தியென்றால் பேசாமல் இரு. இது நிச்சயமாக வேலை செய்யும். கணக்கைப் பாருங்கள்: தொடங்குபவர் ஐந்து முறை, மற்ற 9,999 பேர் ஆளுக்கு நான்கு முறை, ஆக 40,001 முறை செய்தி அனுப்பப்படுகிறது. தேவைப்பட்டதோ 9,999 முறை. நான்கில் மூன்று பங்கு, "தெரியும், ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்" என்ற பதிலைத்தான் பெறும்.

இதற்கு நேர் எதிரானது மரம். யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று கிளை பிரித்து வைத்துவிட்டால் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒருமுறை செய்தி வரும், ஒன்றுகூட வீணாகாது. இதில் இரண்டு கோளாறுகள். நடுவில் ஒரு கணு செத்தால் அதற்குக் கீழே உள்ள கிளை முழுவதும் இருட்டாகிவிடும். தாம் இருட்டில் இருப்பது அவர்களுக்கே தெரியாது என்பதுதான் கொடுமை. இரண்டாவது கோளாறு, சுமை. நுனி இலைகள் கேட்டுக்கொண்டால் போதும், உள்ளே இருக்கும் கணுக்கள்தாம் உழைக்க வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் துட்டி சொல்லப் போகிறவர் என்று ஒருவர் இருந்தார். வெயிலில் ஊர் ஊராக நடந்து, திண்ணைக்கு வெளியே நின்று சொல்லிவிட்டுப் போவார். குறிப்பிட்ட சாதியில் பிறந்ததாலேயே அந்த வேலை அவர் தலையில் விழுந்தது. வீட்டுக்கு ஒருமுறைதான் சொல்வார், யாருக்கும் விட்டுப்போகாது. சிக்கனமான மரம்தான். அந்தச் சிக்கனம் யாருடைய காலில் நின்றது என்பதை நாம் பேசுவதில்லை.

இந்த இரண்டுக்கும் இடையே ஒரு வழியைத் தேடியவர்கள் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் இருந்தார்கள். ஆலன் டெமர்ஸும் அவருடைய சகாக்களும் 1987-ல் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறைக்கு மூலநூல் போன்றது. அந்த நிறுவனத்தின் உள்வலையில் பல நூறு ஈதர்நெட்டுகள் இருந்தன. ஜப்பானில் உள்ள கணினியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் ஒரு பொட்டலம் 14 நுழைவாயில்களையும் 7 தொலைபேசித் தடங்களையும் கடக்க நேரிடலாம். இந்த வலை முழுவதற்கும் ஒரு பெயர்ப் பதிவேடு. அதன் பிரதிகள் நூற்றுக்கணக்கான வழங்கிகளில். ஒரு பிரதியில் மாற்றம் வந்தால் எல்லாப் பிரதிகளுக்கும் மின்னஞ்சல் போகும். அஞ்சல் சில சமயம் தொலையும் என்பதால், இரவில் ஒவ்வொரு வழங்கியும் இன்னொன்றோடு தன் ஏட்டை ஒப்பிட்டுப் பார்க்கும். வேறுபாடு கண்டால், சரியான தகவலை மறுபடி எல்லோருக்கும் அஞ்சல் செய்யும். நல்லெண்ணம்தான். ஆனால் 300 வழங்கிகளில் இருக்கும் ஒரு பதிவேட்டுக்கு, ஒவ்வொருவரும் 300 பேருக்கு எழுத ஆரம்பித்தால் ஒரே இரவில் 90,000 அஞ்சல்கள் கிளம்பக்கூடும். எனக்கு வந்த ஏழு அழைப்புகளைப் பெருக்கிப் பாருங்கள்.

அவர்கள் கண்ட மாற்று, வதந்தி. புதுச் செய்தி கிடைத்தவர், கண்ணில் படும் யாரோ ஒருவரிடம் சொல்கிறார். கேட்டவரும் சொல்லத் தொடங்குகிறார். சொல்லப்போன இடத்தில் "தெரியுமே" என்று பதில் வந்தால் சலிப்புத் தட்டுகிறது. முதல் "தெரியுமே"யிலேயே எல்லோரும் வாயை மூடிக்கொண்டால், நூற்றுக்கு ஏறத்தாழ 20 பேருக்குச் செய்தி போகாமல் நின்றுவிடும். ஒவ்வொரு "தெரியுமே"க்கும் ஒரு காசைச் சுண்டி, தலை விழுந்தால் மட்டும் நிறுத்துவது என்று வைத்தால், விடுபடுவோர் 6 பேராகக் குறைவார்கள். கொஞ்சம் வெட்கமில்லாமல் திரும்பத் திரும்பச் சொல்பவர்களால்தான் கடைசி ஆள்வரை செய்தி போகிறது. அப்போதும் சுழியத்தை எட்டாது.

எனவே வதந்தியை வேகத்துக்கும், பழைய ஒப்பீட்டை நிச்சயத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு சிறு கணக்கு வருகிறது. பத்தில் ஒருவருக்குச் செய்தி தெரியாது என்று வையுங்கள். தெரிந்தவர்கள் கண்டபடி சொல்லிக்கொண்டே போனால், அந்த மிச்சம் ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். அதற்குப் பதிலாகத் தெரியாதவர் யாரையாவது போய்க் கேட்டால்? கேட்கப்பட்டவருக்கும் தெரியாமலிருக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்று. ஆகவே அடுத்த சுற்றில் தெரியாதவர் நூற்றில் ஒருவர், அதற்கடுத்து பத்தாயிரத்தில் ஒருவர். தொடக்கத்தில் சொல்வது நல்லது, முடிவில் கேட்பது நல்லது. அத்தைதான் அவ்வப்போது எங்களைக் கூப்பிட்டு "என்ன விசேஷம்" என்று கேட்டிருக்க வேண்டும். இதை அவரிடம் சொல்லும் துணிச்சல் எனக்கில்லை.

மரணச் சான்றிதழ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பதிவேட்டிலிருந்து ஒரு பெயரை அழித்தால், அழித்த செய்தி பரவாது. இல்லாமை என்பதைக் கைமாற்ற முடியாது. அண்டை வழங்கி தன்னிடமுள்ள பழைய பெயரைப் புதுச் செய்தி என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடும், செத்தவர் எழுந்துவிடுவார். அதனால் "இது இறந்துவிட்டது" என்று தேதியிட்ட சான்றிதழ் ஒன்றைப் பரப்ப வேண்டும். அதை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பது தனித் தலைவலி. சீக்கிரம் தூக்கிப்போட்டால், நெடுநாள் அணைந்து கிடந்து திரும்பிவரும் ஒரு வழங்கி செத்தவரை எழுப்பிவிடும்.

வெள்ளம் எப்படி மெல்ல மரமாக இறுகிப்போகிறது என்பதற்கு யூஸ்நெட் உதாரணம். உங்களில் மூத்தவர்கள் சிலர் தொண்ணூறுகளில் சாக்.கல்ச்சர்.தமிழ் குழுவில் சண்டை போட்டிருப்பீர்கள். அந்தக் குழு இருந்த வலை அது. வட கரோலினாவில் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்ற டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் 1979-ல் யோசித்தது. கணினிகள் தொலைபேசியில் ஒன்றையொன்று அழைத்துக் கட்டுரைகளைக் கைமாற்றிக்கொள்ளும். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓர் அடையாள எண், வந்த வழியின் பட்டியல். அவற்றைப் பார்த்து இரட்டிப்பைத் தவிர்ப்பார்கள். வடிவில் யாரும் யாருக்கும் மேலல்ல. ஆனால் தொலைதூர அழைப்புக்குப் பணம் வேண்டும். பெரிய கட்டணத்தை ஏற்ற சில தளங்கள் வழியாகவே பெரும்பாலான செய்திகள் ஓடின. அவற்றுக்கு முதுகெலும்பு என்று பெயர். முதுகெலும்பை நடத்தியவர்கள், எந்தக் குழு தங்கள் வழியே போகும், எது போகாது என்பதையும் முடிவு செய்யத் தொடங்கினார்கள். சமையல் குறிப்புக் குழுவை நடத்திய பிரையன் ரீடுக்கும், போதைப்பொருள் பற்றிப் பேச ஒரு குழு கேட்ட ஜான் கில்மோருக்கும் அது பிடிக்கவில்லை. 1987-ல் அவர்களும் நண்பர்களும் முதுகெலும்பைத் தொடாமல் தங்களுக்குள் வேறு இணைப்புகளைப் போட்டுக்கொண்டு, 'ஆல்ட்' என்ற தனி வரிசையைத் தொடங்கினார்கள். உபரி இணைப்பு சாத்தியமாக இருந்ததால்தான் அது முடிந்தது. கச்சிதமான மரத்தில் அதற்கு இடமில்லை.

யூஸ்நெட்டுக்காக 1986-ல் வந்த நெறிமுறையில் 'ஐஹேவ்' என்று ஒரு கட்டளை உண்டு. "இந்த எண்ணுள்ள கட்டுரை என்னிடம் இருக்கிறது" என்பார் ஒருவர். எதிர்முனை "அனுப்பு" அல்லது "வேண்டாம்" என்று சொல்லும். வெளிநாட்டில் இருக்கும் நமக்கு இது மிஸ்டு கால். செலவு கிடையாது, ஆனால் ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இந்த மிஸ்டு காலை வைத்து 2007-ல் லெய்டாவ், பெரெய்ரா, ரோட்ரிகெஸ் என்ற போர்ச்சுக்கல்காரர்கள் செய்தது ஓர் அழகான காரியம். ப்ளம்ட்ரீ என்று பெயர். தொடக்கத்தில் எல்லா அண்டையரும் சமம், முதல் செய்தி வெள்ளமாகப் பாய்கிறது. ஒரு செய்தி இரண்டாம் முறை வந்தால், வாங்கியவர் "இந்தப் பாதையில் இனி முழுச் செய்தி வேண்டாம்" என்கிறார். தோட்டக்காரர்கள் செய்யும் கவாத்துதான். ஆனால் வெட்டிய கிளையை எறிவதில்லை. அந்தப் பாதையில் இனி அடையாள எண் மட்டும், அதாவது மிஸ்டு கால் மட்டும் போகும். ஓர் அலை ஓய்ந்ததும் மிஞ்சுவது ஒரு மரம். யாரும் திட்டமிட்டு நட்டதல்ல. "தெரியுமே" என்ற பதில்களே செதுக்கியது. இப்போது நடுக்கணு ஒன்று செத்தால் என்ன ஆகும்? கீழே இருப்பவருக்கு முழுச் செய்தி வராது, ஆனால் வேறு பக்கத்திலிருந்து மிஸ்டு கால் வந்திருக்கும். சற்றுக் காத்திருந்து, "அதை எனக்கு அனுப்பு, இனிமேலும் அனுப்பு" என்று கேட்பார். கிளை ஒட்டுப்போடப்படுகிறது. தனக்கு ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று விடுபட்டவருக்கே தெரிகிறது. எங்கள் குடும்பத்தில் இல்லாமல் போனது அதுதான்.

சுமைப் பிரச்சினை இதிலும் தீரவில்லை. உள்கணுவாக அமைந்தவர் உழைத்துக்கொண்டே இருப்பார். 2003-ல் வந்த ஸ்ப்ளிட்ஸ்ட்ரீம் என்ற அமைப்பு அதை நேராக எதிர்கொண்டது. பெரிய செய்தியைத் துண்டுகளாக்கி, துண்டுக்கு ஒரு மரம் என்று ஒரு காட்டையே வளர்ப்பது. ஒரு மரத்தில் உழைக்கும் கணு மற்ற மரங்களில் இலையாக இருந்து கேட்டுக்கொண்டிருக்கும். சுமக்கும் முறை எல்லோருக்கும் வரும். கணினி உலகில் இதற்கு ஒரு கட்டுரை போதுமாக இருந்தது.

இன்று எதீரியம் போன்ற வலைகள் முழு மரம்வரை போவதில்லை. ஒவ்வொரு கணுவும் சுமார் எட்டு அண்டையருக்கு முழுச் செய்தியை அனுப்புகிறது, வேறு சிலருக்கு "என்னிடம் இருக்கிறது" என்ற குறிப்பை மட்டும் அவ்வப்போது கொடுக்கிறது. வீணாவது தெரிந்தேதான். அங்கே கணுக்கள் சாவது மட்டுமல்ல, வேண்டுமென்றே வாயை மூடிக்கொள்ளவும் செய்யும். ஒரே ஒரு பாதையை நம்பியிருப்பவரை ஒருவரே ஊமையாக்கிவிடலாம், எட்டுப் பாதைகளையும் அடைப்பது கடினம். ப்ளம்ட்ரீக்கும் ஒரு குறை உண்டு. முதலில் பேசியவருக்கு ஏற்றபடி வளர்ந்த மரம், வேறு மூலையிலிருந்து பேசுபவருக்குச் சுற்றுவழியாகத்தான் இருக்கும். ஆளுக்கொரு மரம் வைத்தால் பராமரிப்புச் செலவு ஏறும். பேசுபவர்கள் பலராக இருக்கும் வலையில் எதை விட்டுக்கொடுப்பது என்று ஒவ்வொரு முறையும் அந்த இடத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறோம். போன வாரம்கூட அலுவலகத்தில் இதற்காக இரண்டு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது.

நேரமாகிவிட்டது. சிலருக்கு அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். கேள்விகளுக்குப் போகலாம்.