கொல்களக் கழிவுநீரும் கமக்காரரும்

கொல்களத்திலிருந்து வெளியேறும் நீர் பசளைச்சத்து நிறைந்தது என்றும், அதனை வயலிற் பாய்ச்சினால் யூரியாச் செலவு குறையும் என்றும் கமக்காரர் சிலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் பாதி உண்மையாகும். மற்றைப் பாதியை அறியாது மடையைத் திறந்த ஒருவரின் வயலை நான் நேரிற் கண்டேன். அந்நீர் பாய்ந்த வரவைகள் கருப்பச்சையாய்ச் செழித்தன, அயலவரும் வியந்தனர். கதிர் முற்றுமுன் பயிர் சாய்ந்தது. சாயாது நின்றதை எரிபந்த நோய் பற்றியது. பாதிக்கு மேற்பட்ட விளைவு அவர் கைக்கு வரவில்லை. கொல்களக் கழிவுநீர் எப்பொழுது பசளையாகும், எப்பொழுது நஞ்சாகும் என்பதை விளக்குவதே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

இரத்தத்தின் வலிமை

இக்கழிவுநீரில் இரத்தம், கொழுப்பு, சாணம், குடற்கழிவு, மயிர் என்பன கலந்துள்ளன. இவற்றுள் மிக வலியது இரத்தமே. ஒரு மாட்டிலிருந்து வடியும் இரத்தம் ஏறக்குறைய 10 இலீற்றர் எனக் கொள்வோம். அதில் 300 கிராம் அளவு நைதரசன் உண்டு. இது 650 கிராம் யூரியாவிலுள்ள நைதரசனுக்குச் சமமாகும். ஆயின், அவ்விரத்தம் நீரில் அழுகும்போது நுண்ணுயிர்கள் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோகிராம் ஒட்சிசனை உட்கொள்ளுகின்றன. எமது நாட்டு வெப்பத்தில் ஓர் இலீற்றர் நன்னீரிற் கரைந்திருக்கும் ஒட்சிசன் 7 அல்லது 8 மில்லிகிராம் மாத்திரமே. எனவே, ஓர் ஏக்கர் வயலில் 2 அங்குல உயரத்துக்கு நிற்கும் நீரிலுள்ள ஒட்சிசன் முழுவதையும் தீர்த்துவிட ஒரு மாட்டின் இரத்தம் போதும். நீர் கறுத்து நாறுவதும், மீன்கள் இறந்து மிதப்பதும் இதனாலேயாம்.

ஒரே வேலை, வெவ்வேறு இடம்

அமெரிக்காவில் சிக்காகோ நகரின் பெரிய கால்நடைச் சந்தை 1865 ஆம் ஆண்டு திறக்கப்பட்டு 1971 ஆம் ஆண்டு மூடப்பட்டது. அதனைச் சூழ்ந்திருந்த இறைச்சித் தொழிற்சாலைகள் தம் கழிவை ஆற்றுக் கிளையொன்றில் நெடுங்காலம் விட்டுவந்தன. அடியிற் படிந்தவை அழுகி, வாயு ஓயாது குமிழியிட்டு எழுந்தமையால், மக்கள் அதனைக் ‘குமிழி ஓடை’ என்றே அழைத்தனர். அங்கே கழிவைச் சிதைத்தவை பற்றீரியங்கள். இன்று சுத்திகரிப்புக் குளங்களிற் கழிவைச் சிதைப்பவையும் அவ்வகைப் பற்றீரியங்களே. கழிவை அவை எப்படியும் உண்ணும். அதற்கென அமைத்த குளத்தில் உண்ணுகின்றனவா, எமது வாய்க்காலில் உண்ணுகின்றனவா என்பதிலேயே நன்மையும் தீமையும் தங்கியுள்ளன.

சுத்திகரிப்பின் மூன்று படிகள்

முதலாம் படி தடுத்தல். இரத்தத்தை நீரிற் கலக்கவிடாது தனியே ஏந்தி எடுத்தல் வேண்டும். சாணத்தையும் மயிரையும் கம்பித் தட்டியாலும், கொழுப்பை அது மிதந்து நிற்கும் தொட்டியாலும் தடுக்கலாம். சாணத்தையும் குடற்கழிவையும் வைக்கோலுடன் அடுக்கி நன்கு வெப்பமேறக் கூட்டெருவாக்குதல் சிறந்தது.

இரண்டாம் படி காற்றில்லாக் குளம். இதன் ஆழம் 3 தொடக்கம் 5 மீற்றர். இங்கு ஒருவகைப் பற்றீரியங்கள் புரதத்தையும் கொழுப்பையும் சிதைத்து அமிலங்களாக்கும். வேறொரு வகை நுண்ணுயிர்கள் அவ்வமிலங்களை மெதேன் வாயுவாக்கும். எமது நாட்டின் வெப்பம் இவற்றுக்கு மிக உகந்தது. நன்கு நடக்கும் குளத்தில் அழுகுபொருளில் 60 தொடக்கம் 80 வீதம் வரை நீங்கிவிடும். குளத்தை மூடி வாயுவைச் சேகரித்தால் அது எரிபொருளாகும். மெதேன் ஆக்கும் உயிர்கள் மெல்லவே வளர்வன. ஒரே நாளில் அளவுக்கு மிஞ்சிய இரத்தம் சேர்ந்தாலும், கழுவும் கிருமிநாசினி மிகுதியாகக் கலந்தாலும் அவை ஓய்ந்துவிடும்.

மூன்றாம் படி காற்றுள்ள குளம். ஆழம் குறைந்த இக்குளத்திற் பாசி பகலில் ஒட்சிசனைக் கொடுக்க, பற்றீரியங்கள் எஞ்சிய கழிவை உண்ணும். இடம் போதாதவிடத்து இயந்திரத்தாற் காற்றூட்டி, படியும் பற்றீரியச் சேற்றை மீண்டும் தொட்டிக்குள் விடுவர். இம்முறையை 1914 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆர்டன், லொக்கற் என்னும் இருவர் வெளியிட்டனர்.

நாற்றம் நீங்கினாலும் நைதரசன் நீங்காது

காற்றில்லாக் குளத்திற் புரதத்திலுள்ள நைதரசன் அமோனியாவாக மாறுகின்றதேயன்றி நீங்குவதில்லை. காற்றுள்ள குளத்தில் அதிற் பெரும்பகுதி நைத்திரேற்றாக மாறலாம். அதனை மீண்டும் காற்றில்லாத தொட்டியில் விட்டாலே வேறு பற்றீரியங்கள் அதனை நைதரசன் வாயுவாக்கி வளியிற் கலக்கவிடும். ஆதலின் தெளிந்த நீரிலும் பயிரைச் சாய்க்கும் அளவு நைதரசன் இருத்தல் கூடும். யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற சுண்ணாம்புக்கல் நிலங்களில் நைத்திரேற்று விரைவாகக் கிணற்றைச் சென்றடையும். ஓர் இலீற்றர் குடிநீரில் அது 50 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்தாகும்.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை

1. நீரைத் தருவோரிடம் சுற்றாடல் பாதுகாப்பு உரிமமும் நீர்ப் பரிசோதனை அறிக்கையும் உண்டா எனக் கேளுங்கள். 2008 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள், உயிரியல் ஒட்சிசன் தேவைக்கு, ஆறு குளங்களில் விடும் நீராயின் இலீற்றருக்கு 30 மில்லிகிராம் என்றும், நிலத்துக்குப் பாய்ச்சும் நீராயின் 250 மில்லிகிராம் என்றும் எல்லை வகுத்தன. நிலத்துக்குரிய நீரைப் பொது வாய்க்காலில் விடலாகாது.

2. ஒரு போத்தலில் நீரை விளிம்புவரை நிரப்பி, இறுக மூடி, இருளில் 5 நாட்கள் வைத்துத் திறந்து பாருங்கள். கறுத்து, கூழ்முட்டை நாற்றம் வீசினால் சுத்திகரிப்பு முற்றுப்பெறவில்லை. எனினும் நோய்க்கிருமியையும் நைத்திரேற்றையும் இச்சோதனை காட்டாது.

3. இறைச்சியை உப்பிட்டுப் பதப்படுத்தும் இடத்து நீரை வெங்காயம், மிளகாய்த் தோட்டங்களுக்கு இறைக்கவேண்டாம்; உப்பு மண்ணிலேயே தங்கிவிடும்.

4. பச்சையாக உண்ணும் வல்லாரை, சலாது, தக்காளி ஆகியவற்றுக்கு இந்நீர் எவ்வகையிலும் ஆகாது. காலிற் புண்ணுடையோர் இந்நீர் நிற்கும் வயலில் இறங்கலாகாது.

5. அறிக்கையிற் காணும் நைதரசன் அளவைக் கணக்கிட்டு, அதற்கேற்ப யூரியாவைக் குறைத்திடுங்கள். பொதி வெடிக்கும் பருவத்தின் பின் இந்நீரைப் பாய்ச்சவேண்டாம்.

6. கிணற்றுக்கு அண்மையிலுள்ள நிலத்துக்கும், மழை நாட்களில் எந்த நிலத்துக்கும் இந்நீரை விடவேண்டாம்.

மேற்சொன்ன வயற்காரர் மறுபோகத்தில் மடையை அடைத்துவிட்டார். அதே கொல்களத்தின் சாணத்தை வண்டியில் ஏற்றிவந்து, வைக்கோலுடன் கூட்டெருவாக்கி வயலுக்கு இட்டார். அவ்வாண்டு அவருடைய பயிர் அயல் வயல்களிலும் சற்று வெளிறியே நின்றது. ஆயின் அறுவடைவரை சாயாது நின்றது. ஐயமுள்ளோர் நீரை மறிக்குமுன் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் கண்டு ஆலோசித்தல் நன்று.