உவர்நீரும் ஊர்வீதியும்

கடலோரக் கிராமங்களில் தார் வீதிகள் இட்டுச் சில ஆண்டுகளுக்குள்ளேயே கொப்புளித்து வெடித்துக் குழிவிழுதலைக் காண்கின்றோம். வண்டிகளின் பாரமும் மாரி மழையுமே காரணமெனக் கொண்டு, குழிகளிற் கல்லும் தாரும் இட்டு அமைகின்றோம். அடுத்த கோடையில் அவ்விடமே மீண்டும் உடைகின்றது. மேலே மருந்திட்டும் தீராத இந்நோயின் வேர் பெரும்பாலும் நிலத்தடியிலேயே உள்ளது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக்கற் பாறையுட் புகுந்து, கனமான உவர்நீரின்மேல் வில்லைபோல மிதக்கின்றது. கடல்மட்டத்துக்குமேல் 1 அடி நன்னீர் நின்றால், அதன்கீழ் ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது பொதுக்கணக்கு. மேலே சிறிது குறையின், கீழே உவர் பன்மடங்கு உயரும். நீர்ப்பம்பிகளால் அளவின்றி இறைத்தலும், 1900ஆம் ஆண்டின் பின் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சதமமீற்றர் உயர்ந்தமையும் இக்கேட்டை வளர்க்கின்றன.

தாழ்ந்த கரையோரங்களில் உவர்நீர் நிலமட்டத்தை அண்டி நிற்கின்றது. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல, மண்ணின் நுண்டுளைகள் அதனை மேலே இழுக்கின்றன. வெயிலில் நீர் ஆவியாக, உப்பு எஞ்சுகின்றது. பழைய வீட்டுச் சுவரடியில் உப்புப் பூத்துச் சாந்து உதிர்வதைக் காணாதார் யார்? வீதியிலும் அதுவே நிகழ்கின்றது. மெல்லிய தார்ப்பூச்சின் அடியில் உப்புமணிகள் வளர்ந்து அதனை மேலே தள்ளுகின்றன. பூச்சு வெடித்ததும் மழைநீர் புகுந்து அடித்தளத்தை இளக்குகின்றது. மதகுகளின் கொங்கிறீற்றினுள் உள்ள இரும்பும் உப்பினால் துருவேறிப் பருத்து, கொங்கிறீற்றைப் பிளக்கின்றது.

இதற்குப் பரிகாரம் உண்டு. வீதியை உயர்த்தி, அடியிற் பருங்கற் படை இடுதல் வேண்டும். பெரிய இடைவெளிகளினூடாக நீர் ஏறமாட்டாது. கான்களில் நீர் தேங்காது காத்தல் வேண்டும். கடல்மணலை விலக்குதல் வேண்டும். கிரவலை நனைத்து இறுக்குதற்கு நன்னீரையே தெளித்து, தார்ப்பூச்சைத் தடிப்பாகவும் காலந்தாழ்த்தாதும் இடுதல் வேண்டும்.

அந்நன்னீருக்கு எங்கே போவது? அயற்கிணறு உவரானால் வீட்டுக்குக் குடிநீரும் இல்லை. வீதிக்குத் தெளிநீரும் இல்லை. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உவர்நீர்த் தடுப்பணைகள் கட்டப்பட்டதன் நோக்கமும் நன்னீரைக் காத்தலேயாம். குளங்களைத் தூர்வாரி மழைநீரை நிலத்துட் புகவிடுதலும், வேண்டிய அளவே இறைத்தலும் நம் கையில் உள்ளன.

பழைய மாணவருட் பொறியியற்றுறையில் உள்ளார் இதனைச் சிந்திப்பாராக. மாணவரும் தத்தம் ஊர்க் கிணற்றின் நீர்மட்டத்தையும் உவரையும் மாதந்தோறும் குறித்து வருவாராக. வீதியின் குழியை மூடுமுன் கிணற்றை எட்டிப் பார்த்தலே அறிவுடைமை.