பவுடர் பனிக்கு எந்த ஸ்லெட்? ஒரு சிவிடி பையனின் கணக்கு

போன மாசம் எங்க டிபார்ட்மென்ட் சீனியர் அண்ணா ஒருத்தர் கால்கரியிலிருந்து மூணு போட்டோ அனுப்பினார். மூணும் செகண்ட் ஹேண்ட் ஸ்னோமொபைல். கூடவே ஒரு வரி: "டேய், நீதானே பாஹா டீம்ல சிவிடி பார்த்த? இதுல எதை வாங்கலாம் சொல்லு."

விஷயம் இதுதான். அவரும் ரெண்டு ரூம்மேட்டும் ஸ்கீயிங் கத்துக்கிட்டு ரெண்டு சீசன் ஆச்சு. லிஃப்ட்ல ஏறி கூட்டத்தோட சறுக்கினது போதும், இனி பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரெவல்ஸ்டோக் பக்கம் மலைக்குள்ள போய், யாரும் மிதிக்காத பவுடர் பனியில் சறுக்கணும்னு ஆசை. ஆனா அந்த மலை அடிவாரத்துக்குப் போகவே, குளிர்காலத்தில் மூடிக் கிடக்கும் மரம் வெட்டுற ரோட்டில் பல கிலோமீட்டர் போகணும். நடந்தா பாதி நாள் காலி. அதனால மூணு பேரும் காசு போட்டு ஒரு ஸ்லெட் வாங்கலாம்னு முடிவு. (அங்க ஸ்னோமொபைலை ஸ்லெட்னுதான் சொல்றாங்க.)

நான் நேர்ல பனியே பார்த்ததில்லை. ஃப்ரீசர்ல உறையுற ஐஸ்தான் நம்ம அனுபவம். ஆனா கேள்வி மெஷின் பத்தினது, அதனால உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

மூணு வண்டி

முதல் வண்டி, 600 சிசி டிரெயில் ஸ்லெட். டிராக் 137 இன்ச். விலை ரொம்பக் கம்மி. ரெண்டாவது, ஃபோர் ஸ்ட்ரோக் யூட்டிலிட்டி ஸ்லெட். 20 இன்ச் அகல டிராக், ரெண்டு பேர் உட்காரும் சீட்டு, சாமான் இழுக்கும் கொக்கி எல்லாம் உண்டு. மூணாவது, 850 சிசி டூ ஸ்ட்ரோக் மவுன்டன் ஸ்லெட். டிராக் 165 இன்ச் நீளம், 15 இன்ச் அகலம். அண்ணாவுக்கு இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து டர்போவே வாங்கிடலாமான்னும் ஒரு யோசனை.

டிராக் நீளம்: முதல் ஏமாற்றம்

165 இன்ச்னா தரையில் 165 இன்ச் படுத்திருக்குன்னு நினைச்சா தப்பு. அது ரப்பர் வளையத்தோட மொத்தச் சுற்றளவு. தரையில் படுறது பாதிக்கும் குறைவு.

154 இன்ச் டிராக்ல சுமார் 60 இன்ச் தரையைத் தொடுதுன்னு வெச்சுக்குவோம். அகலம் 15. பரப்பு 900 சதுர இன்ச், அதாவது 0.58 சதுர மீட்டர். வண்டி, பெட்ரோல், ஆள், பை எல்லாம் சேர்த்து 340 கிலோன்னா, அழுத்தம் சுமார் 5.7 கிலோபாஸ்கல். முன்னாடி இருக்கும் ரெண்டு ஸ்கீயும் கொஞ்சம் எடை தாங்கும், அதை விட்டுட்டேன்.

இப்போ பையோட 90 கிலோ இருக்கும் ஒரு ஆள் பூட்ஸ் போட்டு ஒத்தைக் கால் ஊன்றினா? சுமார் 29 கிலோபாஸ்கல். ஸ்லெட்டை விட அஞ்சு மடங்கு. பவுடர்ல இறங்கி நின்னா இடுப்பு வரை புதையுறது இதனாலதான். அதே ஆள் ரெண்டு ஸ்கீ மேல நின்னா வெறும் 2.2.

154-லிருந்து 165-க்குப் போனா அழுத்தம் சுமார் 8% குறையும், அவ்வளவுதான். பதிலுக்கு எடை கூடும், திருப்புறது கஷ்டமாகும். தனியா ஓட்டுற ஆளுக்கு 154 போதும். ஆனா நம்ம ஆளுங்க மூணு பேருக்கு ஒரே வண்டி. பின்னாடி இன்னொரு 90 கிலோ ஏறினா அழுத்தம் 26% கூடிடும். அப்போ அந்த 8% உண்மையிலேயே உதவும். ஆக நீளத்தை முடிவு பண்றது மலை மட்டுமில்ல, எத்தனை பேர் ஏறப்போறாங்க என்பதும்தான்.

நீளத்தை விட முக்கியம் லக். டிராக் மேல துருத்திக்கிட்டு இருக்கும் ரப்பர் துடுப்புகள். டிரெயில் வண்டியில் ஒன்று, ஒன்றரை இன்ச் இருக்கும். மவுன்டன் வண்டியில் இரண்டரை, மூணு இன்ச். பவுடர்ல பிடிமானமே அந்தத் துடுப்பு பனியைத் தள்ளுறதுதான். முதல் வண்டி இங்கேயே அவுட்.

அகலமா இருந்தா நல்லதுதானே?

அப்போ 20 இன்ச் டிராக் இன்னும் நல்லா மிதக்குமேன்னு கேட்கலாம். மிதக்கும். ரோடு முடியும் வரை ராஜா மாதிரி போகும். பிரச்சினை அதுக்கு அப்புறம். மலைச்சரிவில் குறுக்கே போகும்போது ஸ்லெட்டை ஒரு பக்கமா சாய்ச்சு, டிராக்கோட ஓரத்தைப் பனிக்குள்ள அழுத்தித்தான் போகணும். அகல டிராக் சாயாது, கீழ் நோக்கி வழுக்கும். எடையும் நிறைய அதிகம். மவுன்டன் ஸ்லெட் காலியா 200 கிலோ சுமார். அது புதைஞ்சாலே தோண்டி எடுக்க முதுகு போயிடும். கடைசி வரை கெட்டியான ரோடு மட்டும்னா ரெண்டாவது வண்டிதான் சரி. இவங்க ரோடு முடிஞ்சும் மேலே போகப்போறாங்க, அதனால வேண்டாம்.

இன்ஜின், டர்போ, நம்ம ஆக்டிவா

2000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 82% தான். டர்போ இல்லாத 165 எச்பி இன்ஜின் அங்கே ஏறக்குறைய 135 எச்பி தரும். இந்த இழப்பை ஈடு கட்டத்தான் டர்போ. செங்குத்துச் சரிவில் யார் உயரமா ஏறுறதுன்னு போட்டி போடுறவங்களுக்கு அது வேணும். ஸ்கீ பண்றவனுக்கு ஸ்லெட் ஒரு ஷேர் ஆட்டோ மாதிரி. கொண்டு போய் விட்டுட்டு, சாயங்காலம் ஒழுங்கா ஸ்டார்ட் ஆனா போதும். டர்போ காசை மிச்சம் பிடிங்கன்னு சொன்னேன்.

கியர்பாக்ஸ்? ஆக்டிவாவில் இருக்கிற அதே ஐடியா. பெல்ட், ரெண்டு புல்லி, சிவிடி. வண்டி எந்த ஊரில் ஓடினதுன்னு கட்டாயம் கேட்கணும். தாழ்வான ஊரில் ஓடின வண்டின்னா கிளட்ச் வெயிட் அந்த ஊர் காற்றுக்கு செட் ஆகியிருக்கும். மலையில் இன்ஜின் பவர் குறையும்போது, அந்த வெயிட்டோட சரியான ஆர்பிஎம்முக்கு ஏறாது. லேசான வெயிட் மாத்தணும். பெல்ட் எங்கே வேணா அறுந்துபோகலாம், அதனால ஸ்பேர் ஒண்ணு எப்பவும் வண்டியில் இருக்கணும்.

இன்னொரு சுவாரசியம். பல டூ ஸ்ட்ரோக் ஸ்லெட்டில் ரிவர்ஸ் கியரே கிடையாது! பட்டனை அழுத்தினா இன்ஜின் வேகம் கிட்டத்தட்ட நிற்கிற அளவுக்குக் குறையும், இக்னிஷன் டைமிங் மாறும், இன்ஜினே எதிர்த்திசையில் சுத்த ஆரம்பிக்கும். கியர் எடை மிச்சம்.

கூலிங்கையும் பார்க்கணும். மவுன்டன் ஸ்லெட்டோட ஹீட் எக்ஸ்சேஞ்சர் டிராக்குக்கு மேலே இருக்கும். டிராக் வாரி அடிக்கிற பனிதான் அதைக் குளிர வைக்குது. பவுடர்ல பிரச்சினையே இல்லை. ஆனா இறுகிப்போன ரோட்டில் பனி மேலே தெறிக்காது, இன்ஜின் சூடாகும். அதனால ஸ்க்ராட்சர் மாட்டணும். பனியைக் கீறி மேலே தூவும் கம்பி, அவ்வளவுதான். ரோட்டில் பல கிலோமீட்டர் போகும் இவங்களுக்கு டர்போவை விட இந்தக் கம்பிதான் முக்கியம். ஸ்கீ மாட்ட ஒரு ரேக்கும் வேணும்.

கணக்கில் வராத விஷயம்

மூணாவது வண்டி, டர்போ இல்லாம. பதில் ரெடி. அனுப்புறதுக்கு முன்னாடி பனிச்சரிவு பத்திப் படிச்சேன். அன்னைக்கு ராத்திரி பதில் அனுப்பல.

பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சரிவில்தான் நடக்குது. ஸ்கீ பண்ண நல்லா இருக்கிறதும் அதே சரிவுதான். நடந்து ஏறினா மூணு மணி நேரம் பனியைப் பார்த்துக்கிட்டே போவோம். விரிசல், சத்தம், அடுக்கு எல்லாம் கண்ணில் படும். ஸ்லெட் அந்த மூணு மணி நேரத்தை இருபது நிமிஷமாக்குது. யோசிக்கிற நேரமும் அதோட போயிடுது. புதைஞ்சவரை முதல் பத்து நிமிஷத்தில் வெளியே எடுத்தா பிழைக்க நல்ல வாய்ப்பு. அதுக்கப்புறம் வேகமா குறையுது. எந்த மீட்புக் குழுவும் பத்து நிமிஷத்தில் வராது. கூட இருக்கிற ரெண்டு ரூம்மேட்தான் மீட்புக் குழு.

அதனால கடைசியா நான் அனுப்பின பதில் இது:

"அண்ணா, மூணாவது வண்டி சரி. ஆனா வண்டிக்கு முன்னாடி மூணு பேரும் ரெண்டு நாள் பனிச்சரிவுப் பயிற்சி முடிங்க. மூணு பேருக்கும் டிரான்ஸீவர், ப்ரோப், மண்வெட்டி. மண்வெட்டியையும் ப்ரோப்பையும் வண்டியில் கட்டாதீங்க, முதுகுல இருக்கட்டும். வண்டி ஒரு இடத்தில், நீங்க ஒரு இடத்தில் புதையலாம். டிரான்ஸீவர் பக்கத்தில் போன் வைக்காதீங்க, சிக்னலைக் குழப்பும். சரிவில் ஒருத்தர் மாட்டினா இன்னொருத்தர் உதவப் போகாம பாதுகாப்பான இடத்தில் நில்லுங்க. கிளம்புற காலையில் அவலாஞ்ச் கனடா வெளியிடும் அறிக்கையைப் பாருங்க. வழியில் வர்ற ரோஜர்ஸ் பாஸ் தேசியப் பூங்கா, அங்க ஸ்லெட் இறக்கவே கூடாது. கரிபு மான்களுக்காக மூடின ஏரியாவும் இருக்கு, மேப்ல பார்த்துக்கோங்க."

இந்த மெஷினோட கதையும் நேரம் பத்தினதுதான். 1934 குளிர்காலத்தில், கியூபெக்கில் ஜோசப்-அர்மான் பொம்பார்டியே என்ற மெக்கானிக்கோட ரெண்டு வயசுப் பையன் வயிற்று நோயால் இறந்துபோனான். பனி மூடின ரோட்டில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. பனியில் ஓடுற வண்டி செய்ய முன்பே முயன்றுகொண்டிருந்த அவர் அதை விடாம செஞ்சார். 1959-ல் ஸ்கி-டூ வந்தது. நேரத்தை மிச்சம் பிடிக்கப் பிறந்த மெஷின் இது. மிச்சமான நேரத்தில் கொஞ்சத்தை பனியைப் பார்க்கச் செலவழிக்கிறது ஓட்டுறவர் கையில்.

அண்ணா இன்னும் வண்டி வாங்கல. பயிற்சிக்கு மூணு பேரும் பேர் கொடுத்தாச்சுன்னு நேத்து மெசேஜ் வந்தது.