டிஸ்னி ஊரில் ஜாகை

கல்யாணத்துக்கு வெளியூர் போனால் நாம் முதலில் விசாரிப்பது முகூர்த்தத்தை அல்ல, ஜாகையைத்தான். குழாயில் தண்ணீர் வருகிறதா, காலையில் காபி கிடைக்குமா, கைக்குழந்தையைத் தூங்கப் பண்ண ஒரு மூலை உண்டா, மண்டபத்துக்கு எவ்வளவு தூரம் என்று எல்லாம் தெரிந்துகொண்ட பிறகுதான் பட்டுப் புடவையின் ஞாபகமே வரும்.

அமெரிக்காவில் பிள்ளையோ பெண்ணோ குடியிருக்கும் வீடுகள் இன்று நம்மிடையே ஏராளம். "அம்மா, நீங்களும் அப்பாவும் வாருங்கள். குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு எல்லோருமாக டிஸ்னி வேர்ல்டு போய் வரலாம்" என்று டெலிபோனில் அழைப்பு வந்துவிடுகிறது. உடனே எந்த ராட்டினம் உயரம், எந்தக் கோட்டை அழகு என்று வீடே பேச ஆரம்பித்துவிடும். ஜாகை விஷயம் மட்டும் கடைசிக்குத் தள்ளப்படும். அதனால் அவஸ்தைப்படப் போவது யார்? சந்தேகமென்ன, வீட்டு அம்மாள்தான்!

ஆகையால், சகோதரிகளே, பெட்டி கட்டுவதற்கு முன் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் கேட்கக்கூடிய கேள்விகளைக் கேட்டு, பதிலையும் தெரிந்துகொண்டு புறப்படுவோம்.

கோயிலும் சத்திரமும்

முதலில் ஒரு சிறு சரித்திரம். வால்ட் டிஸ்னி தம்முடைய முதல் பூங்காவான டிஸ்னிலாந்தை 1955 ஜூலையில் கலிபோர்னியாவில் அனஹைம் என்னும் ஊரில் திறந்தார். கையிலிருந்த பணமெல்லாம் பூங்காவுக்கே சரியாகப் போயிற்று. ஹோட்டல் கட்ட மிச்சமில்லை. டெலிவிஷன் படத் தயாரிப்பாளரான ஜாக் ராதர் என்பவர் பக்கத்திலேயே டிஸ்னிலாந்து ஹோட்டலைக் கட்டி அதே ஆண்டு அக்டோபரில் திறந்தார். சுற்றிலும் வேறு பலரும் விடுதிகள் கட்டிக் காசு பார்த்தார்கள். கோயில் ஒருவருடையது, சத்திரத்து வருமானம் மற்றவர்களுடையது என்றாகிவிட்டது! அந்த ஹோட்டலை டிஸ்னி கம்பெனி வாங்க முடிந்தது 1988-ல்தான்.

பட்ட அனுபவத்தை வால்ட் மறக்கவில்லை. அடுத்த பூங்காவுக்காக ப்ளோரிடா மாகாணத்தில் ஆர்லாண்டோ நகருக்கு அருகே ஒரு பெரிய நகரத்தின் அளவுக்கு நிலம் வாங்கினார். 1966-ல் அவர் காலமான பிறகு அண்ணன் ராய் டிஸ்னி வேலையை முடித்து, 1971 அக்டோபர் 1 அன்று வால்ட் டிஸ்னி வேர்ல்டைத் திறந்தார். பூங்காவோடு கூடவே, கன்டெம்பரரி, பாலினீஷியன் என்ற இரண்டு ஹோட்டல்களும் திறக்கப்பட்டன. கன்டெம்பரரி ஹோட்டலின் அறைகளை வேறிடத்தில் பெட்டி பெட்டியாகச் செய்து, கிரேனால் தூக்கிக் கட்டிடத்தின் எஃகுச் சட்டத்தில் பொருத்தினார்கள். மானோ ரயில் அந்த ஹோட்டலின் நடுக்கூடத்துக்குள்ளேயே புகுந்து போகிறது. இன்று நான்கு பூங்காக்களும், கம்பெனியே நடத்தும் இருபதுக்கு மேற்பட்ட ஹோட்டல்களும் அங்கே இருக்கின்றன. நம் கேள்விகளெல்லாம் இந்த ஊரைப் பற்றியவைதான்.

தாத்தாவின் கேள்வி: "வெளியே மலிவாகக் கிடைக்காதா?"

கிடைக்கும், தாராளமாகக் கிடைக்கும். எல்லைக்கு வெளியே அதைவிடக் குறைந்த வாடகைக்கு எத்தனையோ ஹோட்டல்கள் உண்டு. அப்படியானால் உள்ளே கொடுக்கும் அதிகப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது?

உள்ளே தங்குகிறவர்களை ஒவ்வொரு நாளும் எந்தப் பூங்காவிலும் அரை மணி நேரம் முன்னதாகவே அனுமதிக்கிறார்கள். பூங்காக்களுக்குப் போகவர பஸ், படகு, மானோ ரயில் எல்லாம் இலவசம். கார் வைத்திருந்தால் ஹோட்டலிலும் பூங்காவிலும் சாதாரணமாக நிறுத்துவதற்குக் கட்டணம் கிடையாது. கூட்டத்தில் நிற்காமல் போவதற்குத் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு தரும் 'லைட்னிங் லேன்' சீட்டை, மற்றவர்கள் மூன்று நாள் முன்புதான் பதிவு செய்யலாம். ஹோட்டல்வாசிகள் ஏழு நாள் முன்பே பதிவு செய்யலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம்: அறை வாடகையில் பூங்கா டிக்கட் சேராது. மூன்று வயது நிறையாத குழந்தைக்கு டிக்கட் வேண்டியதில்லை. மூன்று முதல் ஒன்பது வரை குழந்தைக் கட்டணம். பத்து வயதானால் பெரியவர் கணக்கு! ஆர்லாண்டோ விமான நிலையத்திலிருந்து ஹோட்டல்வாசிகளை இலவசமாக அழைத்து வந்த பஸ்ஸும் 2022 ஜனவரியோடு நின்றுவிட்டது. அந்த வண்டிச் செலவையும் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மருமகளின் கேள்வி: "ஓர் அறையில் எத்தனை பேர்?"

ஹோட்டல்களை விலைக்கேற்ப மூன்று தரமாகப் பிரித்திருக்கிறார்கள். மலிவுத் தரத்தில் சாதாரண அறையில் நான்கு பேர் தங்கலாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை தொட்டிலில் படுத்தால் அது கூடுதல். மடக்குத் தொட்டில் கேட்டால் இலவசமாகக் கொடுப்பார்கள். தாத்தா, பாட்டி, மகன், மருமகள், இரண்டு குழந்தைகள் என்று ஆறு பேர் போவதானால், 'ஆர்ட் ஆப் அனிமேஷன்' போன்ற ஹோட்டல்களில் குடும்ப அறைகள் இருக்கின்றன. அல்லது அடுத்தடுத்து இரண்டு அறைகள், நடுவே கதவோடு கேட்கலாம். பாட்டிக்கு ராத்திரி இரண்டு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்குமானால் இரண்டு குளியலறை என்பது ஆடம்பரமல்ல, அவசியம்.

சாவியை மாலை மூன்று மணிக்குத்தான் கொடுப்பார்கள்; சில வில்லாக்களில் நான்கு மணி. காலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டால் பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு வெளியே போகலாம். ஆனால் மருந்து டப்பா, குழந்தைக்கு மாற்றுடை, நீச்சல் உடுப்பு மூன்றையும் கைப்பையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் நாள் காலை பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்தாக வேண்டும்.

பாட்டியின் கேள்வி: "எனக்குச் சாப்பாடு?"

நியாயமான கேள்வி! அறையில் சிறு குளிர்ப்பெட்டியும் காபி மெஷினும் உண்டு. சாதாரண அறையில் அடுப்பு கிடையாது. "நம் குக்கரைக் கொண்டுபோய் ஒரு பிடி சாதம் வைத்துவிடலாமே" என்று தோன்றும். இங்கே 230 வோல்ட்; அங்கே 120 வோல்ட்; பிளக்கும் வேறு மாதிரி. நம் குக்கர் அங்கே வெறும் பாத்திரம்தான். சமைத்தே ஆக வேண்டுமென்றால் சமையலறையோடு கூடிய வில்லா எடுக்க வேண்டும். அதற்கு வாடகை அதிகம்.

ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சாப்பாட்டு அட்டவணையில் இலைச் சின்னம் போட்டிருந்தால் அந்தப் பண்டத்தில் மாமிசம், முட்டை, பால், தேன் எதுவும் சேரவில்லை என்று அர்த்தம். சின்னமில்லாத பண்டத்தைப் பற்றிக் கேட்கும்போது "வெஜிடேரியன்" என்று சொன்னால் மட்டும் போதாது. "மீனும் முட்டையும் கூடாது, மாமிச ரசமும் கூடாது" என்று விவரமாகச் சொல்லுங்கள். அனிமல் கிங்டம் லாட்ஜில் 'சனா' என்றொரு போஜனசாலை இருக்கிறது. அங்கே நான் முதலிய ரொட்டிகளைப் பலவிதச் சட்னிகளோடு கொண்டுவந்து வைப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேய்ந்துகொண்டிருக்கும்! பேர்போன போஜனசாலைகளில் அறுபது நாளைக்கு முன்பே இடம் பதிவு செய்வார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

வெளிச் சாப்பாட்டைப் பூங்காவுக்குள் கொண்டுபோகத் தடையில்லை. கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது. புளிக்காய்ச்சல் சாதமும் சப்பாத்திச் சுருளும் டப்பாவில் நிம்மதியாகப் போய்வரும். சிற்றுண்டிக் கடைகளில் குடிக்கத் தண்ணீர் கேட்டால் ஐஸ் போட்டு இலவசமாகவே கொடுப்பார்கள். ஏழெட்டு பாட்டில்களைச் சுமக்க வேண்டாம்.

மறுபடியும் பாட்டி: "என் முழங்கால்?"

இதை விளையாட்டாக நினைக்கக் கூடாது. எப்காட் பூங்காவில் ஏரியைச் சுற்றி இருக்கும் பல தேசத்து மண்டபங்களை ஒரு சுற்றுச் சுற்றினாலே இரண்டு கிலோ மீட்டர் ஆகும். பூங்கா வாசலில் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். "எனக்கா நாற்காலி?" என்று பாட்டி கோபித்துக்கொண்டால், "பைகளை வைக்கத்தான்" என்று சொல்லி எடுத்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் அவரே உட்கார்ந்துவிடுவார்.

குழந்தைகளின் கேள்வி: "எல்லாவற்றிலும் ஏறலாமா?"

ஊரிலேயே அளவு எடுத்துவிடுங்கள். ஏழு குள்ளர் சுரங்க ரயிலில் ஏற 38 அங்குல உயரம் வேண்டும். ஸ்பேஸ் மவுண்டனுக்கு 44 அங்குலம். வாசலில் போய் நின்று, அளவுகோலைப் பார்த்து, குழந்தை அழுவதைவிட வீட்டுச் சுவரில் கோடு போட்டுப் பார்ப்பது மேல். தம்பி ஏற முடியாவிட்டால், ஒருவர் அவனோடு இருக்க மற்றவர்கள் ஏறிவிட்டு வந்து, பிறகு அவர் மறுபடி வரிசையில் நில்லாமல் போய் ஏறலாம். 'ரைடர் ஸ்விட்ச்' என்று வாசல் சிப்பந்தியிடம் கேட்க வேண்டும்.

இன்னொரு ஜாக்கிரதை. அறைச் சாவி அட்டையைக் காட்டியே கடையில் சாமான் வாங்கி, அறைக் கணக்கில் எழுதச் சொல்லலாம். குழந்தைகளின் அட்டையில் அந்த வசதி வேண்டாமென்று முதல் நாளே அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். இல்லையேல் கிளம்பும் நாளன்று தாத்தாவுக்கு மயக்கம் வரும்.

யாரும் கேட்காத கேள்வி

எல்லோரும் கேட்டாயிற்று. அம்மாள் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் மனத்தில் இருப்பதை நாமே கேட்டுவிடுவோம்: "ஊரிலே அடுப்படி, இங்கே பை தூக்குவது. எனக்கு எப்போது விடுமுறை?"

இதற்குப் பதில் ஹோட்டலின் விலையிலோ, அறையின் அழகிலோ இல்லை. மத்தியானம் ஒரு மணிக்குத் திரும்பி வர முடிகிறதா என்பதில்தான் இருக்கிறது.

ப்ளோரிடாவில் கோடைக்காலத்து வெயில் நம் ஊர் வெயிலுக்கு இளைத்ததல்ல. ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் இடியும் மழையும் சகஜம். மின்னல் வந்தால் திறந்தவெளி ராட்டினங்களையும் நீச்சல் குளத்தையும் மூடிவிடுவார்கள். அந்த நேரத்தில் பூங்காவிலேயே கிடந்தால் குழந்தை சிணுங்கும், பாட்டி வாடுவார், தாத்தா சீறுவார். எல்லோரையும் சமாதானப்படுத்துவது அம்மாளின் பாடு. காலையில் அந்த அரை மணி முன்னதாகவே நுழைந்து, கூட்டம் சேருமுன் முக்கியமானவற்றைப் பார்த்துவிட்டு, ஒரு மணிக்கு அறைக்குத் திரும்பி, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு எல்லோரும் இரண்டு மணி நேரம் தூங்கிப் பாருங்கள். சாயங்காலம் புதிய குடும்பமாகக் கிளம்புவீர்கள்!

வெளியே தங்கினால் இது ஏன் கஷ்டம்? மாஜிக் கிங்டத்துக்குக் காரில் வருகிறவர்கள் தூரத்தில் காரை நிறுத்திவிட்டு, படகிலோ மானோ ரயிலிலோ ஏரியைக் கடந்துதான் வாசலை அடைய வேண்டும். திரும்பும்போதும் அதே பாடு. "யார் போய் வருவது?" என்று இருந்துவிடுகிறார்கள். ஹோட்டல் பஸ்ஸோ வாசலுக்குச் சமீபத்திலேயே வந்து நிற்கிறது. கன்டெம்பரரி ஹோட்டலுக்கு நடந்தே போய்விடலாம். அவ்வளவு விலை கட்டாதென்றால், மலிவுத் தரத்திலேயே 'பாப் செஞ்சுரி', 'ஆர்ட் ஆப் அனிமேஷன்' இரண்டுக்கும் 2019 முதல் 'ஸ்கைலைனர்' என்ற கயிற்றுப் பாதை ஓடுகிறது. எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் அதில் போகலாம். குழந்தையின் தள்ளுவண்டியை மடக்காமலே உள்ளே உருட்டிக்கொண்டு ஏறலாம்.

ஆகவே, கணக்கு இதுதான். மத்தியானம் திரும்பப் போகிறீர்களா? உள்ளே தங்குங்கள், மலிவுத் தரமே போதும். காலை முதல் இரவு வரை பூங்காவிலேயே இருக்கப் போகிறீர்களா? அறைக்குத் தூங்க மட்டும்தான் வருவீர்கள். வெளியே மலிவாக எடுத்துக்கொண்டு மிச்சப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். திரும்பியும் வராமல், உள்ளே தங்குவதற்கும் பணம் கொடுப்பது மட்டும் வேண்டாம்.

ஒரு நாள் சாயங்காலம் நீங்கள் மட்டும் பூங்காவுக்குப் போகாமல் இருந்தும் பாருங்கள். "குழந்தைகளை அப்பா அழைத்துப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு, குளக்கரை நாற்காலியில் காபிக் கோப்பையோடு சாய்ந்துகொள்ளுங்கள். பாலினீஷியன் ஹோட்டலில் தங்கியிருந்தால் ஏரிக்கரை மணலில் உட்கார்ந்தபடியே மாஜிக் கிங்டத்து வாணவேடிக்கையையும் பார்க்கலாம்.

எல்லோரும் திரும்பி வந்து, "அம்மா, நீ எதைப் பார்த்தாய்?" என்று கேட்பார்கள்.

"ஒன்றையும் பார்க்கவில்லை, சும்மா இருந்தேன்" என்று சொல்லுங்கள். டிஸ்னி ஊரின் அதிசயங்களிலே அதையும் ஒன்றாக அவர்கள் சேர்த்துக்கொள்ளட்டும்!